பூட்டு இல்லை, அலை உண்டா?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நம் சங்க நூலகத்தில் பத்திரிகை புரட்டிக்கொண்டிருந்தேன். நண்பர் ஒருவர் பளபளக்கும் பெட்டியுடன் வந்து எதிரில் அமர்ந்தார். மைத்துனர் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த செல்போன். "சார், இது அன்லாக்டு போன்தான். எந்த சிம் போட்டாலும் வேலை செய்யும் என்று மைத்துனர் அடித்துச் சொல்கிறார். ஊரில் இருக்கும் அம்மாவுக்குக் கொடுத்தனுப்பலாம் என்று பார்க்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டார்.

ஓராண்டுக்கு முன் கேட்டிருந்தால், "ஏன் செய்யாது? தாராளமாக அனுப்புங்கள்" என்று சொல்லியிருப்பேன். அதே நம்பிக்கையில் நானே ஒரு போனை என் அக்காவுக்கு அனுப்பி, அதனால் ஏற்பட்ட சங்கடத்தை அனுபவித்தவன். அதனால் அவரிடம் பெட்டியைத் திருப்பி, அடியில் ஒட்டியிருந்த சிறு தாளில் மாடல் எண் எங்கே என்று தேடச் சொன்னேன். அன்று அவரிடம் அரை மணி நேரம் பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன். வெளிநாட்டில் பிள்ளைகளும் ஊரில் பெரியவர்களுமாக, நடுவில் நாம் நாக்பூரில் உட்கார்ந்திருக்கும் குடும்பங்கள் நம் சங்கத்தில் அநேகம். இது அவர்கள் எல்லோருக்கும் பயன்படும் என்று நினைக்கிறேன்.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

என் அக்காவுக்கு 74 வயது. அம்பாசமுத்திரத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஊர். அத்தான் காலமான பிறகு தனியாகத்தான் இருக்கிறாள். நாக்பூருக்கு வந்துவிடு என்று எத்தனையோ முறை அழைத்தாயிற்று. "உங்க ஊர் வெயில்ல வந்து நான் வடகமா காயணுமா?" என்பாள். வீட்டில் பழைய கம்பித் தொலைபேசி இருந்தவரை கவலை இல்லாமல் இருந்தது. அதுவும் ஒரு மழைக்காலத்தில் ஊமையாகிவிட்டது. பிறகு ஊருக்கென்று முதன்முதலாக ஒரு செல்போன் கோபுரம் வந்தது. அதற்கு முன் செல்போனில் பேச வேண்டுமென்றால் கால்வாய்க் கரை வரை நடந்துபோய் நிற்க வேண்டும்.

கோபுரம் வந்த செய்தி கேட்டதும் எனக்கு ஒரே மகிழ்ச்சி. என் மகன் 2024 டிசம்பரில் டெக்சாஸிலிருந்து வந்தபோது இரண்டு போன் கொண்டுவந்திருந்தான். ஒன்று அவன் அம்மாவுக்கு, ஒன்று அத்தைக்கு. "அப்பா, ரெண்டும் அன்லாக்டு. கம்பெனிப் பூட்டு எதுவும் கிடையாது" என்றான். இங்கே என் சிம்மைப் போட்டு ஒரு வாரம் பேசிப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. நான் ரயில்வேயில் சிக்னல், தொலைத்தொடர்புப் பிரிவில் 31 ஆண்டு வேலை பார்த்தவன். சோதித்துப் பார்க்காமல் எதையும் அனுப்ப மாட்டேன் என்ற பெருமை எனக்கு உண்டு. அந்தப் பெருமைதான் என்னை ஏமாற்றியது.

ஊருக்குப் போகும் ஒருவரிடம் போனைக் கொடுத்தனுப்பினேன். அடுத்த வீட்டுப் பையன் அதை அம்பாசமுத்திரத்துக்கு எடுத்துப்போய், எங்கள் ஊர்க் கோபுரத்துக்குரிய நிறுவனத்தின் சிம்மை வாங்கிப் போட்டு, கடை வாசலிலிருந்தே என்னைக் கூப்பிட்டான். குரல் மணி மணியாகக் கேட்டது. ஆனால் ஊருக்குத் திரும்பியதும் போன் மௌனமாகிவிட்டது. "டவுன்ல நல்லாத்தான் எடுத்துச்சு ஆச்சி, மலையடிவாரம்லா, சிக்னல் கொஞ்சம் அப்படித்தான் வந்து போகும்" என்று பையன் சொல்லியிருக்கிறான். அக்காவும் நம்பிவிட்டாள்.

ஐந்தாம் நாள் இரவு, பின்கட்டில் துவைகல் பக்கம் வழுக்கி விழுந்தாள். மணிக்கட்டில் எலும்பு விரிசல், எழுந்திருக்க முடியவில்லை. மடியில் போன் இருந்தது. இடது கையால் எடுத்து அழுத்தினால் 'சேவை இல்லை' என்ற ஒரே பதில்தான். விடியற்காலையில் பால்காரர் வந்து குரல் கொடுக்கும்வரை அங்கேயே கிடந்திருக்கிறாள். அடுத்த வீட்டுப் பையன் ஓடிவந்து, அதே பின்கட்டில் நின்றுகொண்டு, உள்ளூரில் 8,000 ரூபாய்க்கு வாங்கிய தன் போனில் ஆட்டோவைக் கூப்பிட்டான். அதே நிறுவனத்தின் சிம். அதே கோபுரம். அவன் போனில் நான்கு கோடு. அக்காவின் போனில் ஒன்றுகூட இல்லை.

இரண்டு நாள் கழித்து நான் போய்ச் சேர்ந்தபோது அக்கா மாவுக்கட்டுப் போட்ட கையோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். "ஏ தம்பி, உன் மகன் குடுத்தது முகம் பாக்கிறதுக்குத்தாம்ல ஆகும்" என்றாள். எனக்குப் பதில் சொல்ல நா எழவில்லை.

நிற்க. ஏன் அப்படி ஆயிற்று?

'அன்லாக்டு' என்ற சொல்லுக்கு நாம் அளவுக்கு மீறிய பொருள் கொடுத்துவிடுகிறோம். அமெரிக்கா போன்ற நாடுகளில் தவணையில் போன் வாங்கினால், பணம் முழுவதும் கட்டி முடியும்வரை வேறு நிறுவனத்தின் சிம்மை ஏற்காதபடி மென்பொருளில் ஒரு பூட்டுப் போட்டிருப்பார்கள். அந்தப் பூட்டு திறந்திருக்கிறது என்பதுதான் அன்லாக்டு என்பதன் முழுப் பொருள். போனுக்குள் இருக்கும் வானொலிக் கருவி நம் ஊர் அலையைப் பிடிக்குமா என்பது வேறு கேள்வி.

ஆம், செல்போன் என்பது ஒரு வானொலிதான். நம்மில் 55 வயதைத் தாண்டியவர்களுக்கு வீட்டிலிருந்த மர்ஃபி ரேடியோ நினைவிருக்கும். அதில் பேண்டு மாற்றும் திருகு ஒன்று இருக்கும். மீடியம் வேவ், ஷார்ட் வேவ் ஒன்று, இரண்டு என்று. மீடியம் வேவ் மட்டுமே உள்ள மலிவு ரேடியோவை வைத்துக்கொண்டு எவ்வளவு உயரத்தில் ஏரியல் கட்டினாலும் ஷார்ட் வேவ் நிலையம் கேட்காது. ரேடியோ கெட்டுப்போயிருக்கிறதா என்றால் இல்லை. அந்தப் பட்டையைக் கேட்கும் காது அதற்குக் கிடையாது, அவ்வளவுதான். செல்போனிலும் இதே கதை. நமக்குத் தெரியும் திருகு இல்லாததால், எல்லாப் போனுக்கும் எல்லாக் காதும் உண்டு என்று நினைத்துக்கொள்கிறோம்.

4ஜி சேவைக்கு உலகம் முழுவதும் பல பட்டைகள் வகுத்து, ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்திருக்கிறார்கள். பேண்டு 3 என்றால் 1800 மெகாஹெர்ட்ஸ். பேண்டு 5 என்றால் 850. பேண்டு 8 என்றால் 900. பேண்டு 1 என்றால் 2100. பேண்டு 40 என்றால் 2300, பேண்டு 28 என்றால் 700. எண்ணுக்கும் அலைக்கும் வரிசை முறை எதுவும் கிடையாது. வீதிக் கதவிலக்கம் போல, வந்தபோது வந்த எண். 5ஜிக்கு வரும்போது எண்ணுக்கு முன் 'என்' என்ற எழுத்தைச் சேர்த்து என்28, என்78 என்பார்கள்.

ஒவ்வொரு நாட்டிலும் அரசு எந்தப் பட்டையை ஏலம் விட்டதோ, அதில்தான் கோபுரங்கள் பேசும். போன் செய்யும் நிறுவனங்களும் ஒரே பெயருள்ள மாடலை நாட்டுக்கு நாடு மாற்றிச் செய்கின்றன. ஒவ்வொரு பட்டைக்கும் தனி வடிகட்டிகள் வேண்டும். அதற்குச் செலவு, இடம் இரண்டும் உண்டு. அமெரிக்காவில் விற்கும் மலிவுப் போனில் இந்தியப் பட்டைகளை வைத்து யாருக்கு என்ன லாபம்? பெட்டியின்மேல் பெயர் ஒன்றாகவே இருக்கும்; உள்ளே இருக்கும் காது வேறு.

இப்போது நம் நாட்டு நிலவரம். ஜியோ 4ஜியை 850, 1800, 2300 ஆகிய மூன்றில் நடத்துகிறது. அதாவது பேண்டு 5, 3, 40. ஏர்டெல் பெரும்பாலும் 900, 1800, 2100, 2300. அதாவது 8, 3, 1, 40. வோடஃபோன் ஐடியாவான 'வி' 900, 1800, 2100 ஆகியவற்றோடு சில வட்டங்களில் 2500, அதாவது பேண்டு 41. பி.எஸ்.என்.எல்லின் உள்நாட்டுத் தொழில்நுட்ப 4ஜி சேவையைப் பிரதமர் 2025 செப்டம்பர் 27 அன்று ஒடிசாவின் ஜார்சுகுடாவில் முறைப்படி தொடங்கிவைத்தார். அது 700, 2100 ஆகியவற்றில் இயங்குகிறது. பேண்டு 28, 1. ஆக, 1, 3, 5, 8, 28, 40, 41 என்ற ஏழு எண்களும் ஒரு போனில் இருந்தால் இந்தியாவில் 4ஜிக்குக் கவலையில்லை. இந்த ஏழையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. என்னைக் கவிழ்த்தது இதுதான். இந்தியா தொலைத்தொடர்புக்காக 22 வட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. நாக்பூர் மகாராஷ்டிர வட்டத்தில் வருகிறது. நம் ஊர் தமிழ்நாடு வட்டத்தில். ஏலம் வட்டவாரியாகத்தான் நடக்கும். ஆகவே ஒரே நிறுவனத்துக்கு இங்கே உள்ள அலை அங்கே அதே அளவில் இருக்க வேண்டுமென்பதில்லை. ஒரே வட்டத்துக்குள்ளும் நகரத்துக் கோபுரத்தில் மூன்று நான்கு பட்டைகளை ஏற்றிவைப்பார்கள். சிற்றூர்க் கோபுரத்தில் ஒன்றோ இரண்டோ மட்டும்.

சிற்றூருக்கு எந்தப் பட்டையைக் கொடுப்பார்கள் என்பதிலும் காரணம் இருக்கிறது. அலையின் எண்ணிக்கை குறையக் குறைய அதன் நீளம் கூடும். 700 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 43 சென்டிமீட்டர். 3500 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு ஒன்பது சென்டிமீட்டர்கூட இல்லை. குறைந்த எண்ணிக்கை அலை தொலைதூரம் போகும், மரத்தையும் சுவரையும் ஓரளவு ஊடுருவும். ஆனால் சுமை குறைவாகத்தான் தூக்கும். உயர்ந்த எண்ணிக்கை அலை நிறையச் சுமக்கும். ஒரு தடித்த சுவர் குறுக்கிட்டால் திணறிவிடும். எனவே நகரத்து நெரிசலுக்கு 2300, 3500. வீடுகள் சிதறிக் கிடக்கும் சிற்றூருக்கு 700, 850, 900. நம் ஊர்ப் பழைய வீடுகளின் சுவர் ஒன்றரை அடி கனம் என்பதையும் மறக்க வேண்டாம். (ரயில்வேக்கே 2021 ஜூனில் 700 மெகாஹெர்ட்ஸ் பட்டையில்தான் அரசு இடம் ஒதுக்கியது. நான் ஓய்வுபெற்ற பிறகு நடந்தது. அந்த வேலையைப் பார்க்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.)

எங்கள் ஊருக்கு வந்த புதிய கோபுரம் 700 மெகாஹெர்ட்ஸில், 4ஜி மட்டும் தருகிறது. பேண்டு 28. மகன் வாங்கிவந்த போனில் 28 இல்லை, 8 இல்லை, 40 இல்லை. நமக்கு வேண்டியவற்றில் 3, 5, 41 மட்டும் இருந்தன. நாக்பூரில் என் சிம்முக்கு 3 போதுமாக இருந்தது, பேசினேன், திருப்தியடைந்தேன். அம்பாசமுத்திரம் கடைத்தெருவில் பழைய 2ஜி அலை இருந்தது. அதனால் அங்கேயும் பேசிற்று. மலையடிவாரத்தில் 2ஜியும் இல்லை, போனுக்கு 28ம் தெரியவில்லை. இரண்டு இடத்தில் சோதித்தும், பேச வேண்டிய மூன்றாம் இடத்தில் சோதிக்கவில்லை.

மகனிடம் சொன்னபோது, "இல்லையே அப்பா, அதுல 700 உண்டுன்னு போட்டிருந்துச்சே" என்றான். அவன் சொன்னதும் பொய்யில்லை. அமெரிக்காவிலும் 700 மெகாஹெர்ட்ஸ் உண்டு. ஆனால் அவர்கள் அதைத் துண்டு போட்ட விதம் வேறு. செல்போன் பேசுவது ஓர் அலையில், கேட்பது வேறோர் அலையில். பேண்டு 28ல் போன் 703 முதல் 748 வரை உள்ள பகுதியில் பேசும். 758 முதல் 803 வரை கேட்கும். அமெரிக்கப் பேண்டு 12ல் 699 முதல் 716 வரை பேச்சு, 729 முதல் 746 வரை கேள்வி. நம் கோபுரம் 758க்கு மேலே நின்று கூப்பிட்டுக்கொண்டிருக்க, அந்தப் போன் 746க்குக் கீழே காதை வைத்துக்கொண்டிருக்கிறது. தெரு ஒன்றுதான், வாசல் வேறு. ஆகவே மெகாஹெர்ட்ஸ் எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம்; பேண்டு எண்ணைப் பாருங்கள்.

அதை எங்கே பார்ப்பது? போனின் விற்பனைப் பெயர் பயன்படாது. மாடல் எண் வேண்டும். பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும். போனின் செட்டிங்ஸில் 'அபௌட் போன்' என்ற பகுதியிலும் இருக்கும். உதாரணமாக, சாம்சங்கின் உயர்ரக போன்களில் மாடல் எண்ணின் கடைசி எழுத்தே ஊரைச் சொல்லிவிடும். 'பி' என்று முடிந்தால் இந்தியா உட்படப் பல நாடுகளுக்கானது. 'யு' அல்லது 'யு1' என்றால் அமெரிக்கா. 'என்' என்றால் கொரியா. ஐபோனில் 'ஏ' என்ற எழுத்துடன் நான்கு இலக்க எண் இருக்கும். அந்த எண்ணை வைத்துக்கொண்டு, தயாரித்த நிறுவனத்தின் இணையதளத்தில் அந்த நாட்டுப் பக்கத்துக்குப் போய், தொழில்நுட்ப விவரப் பட்டியலில் எல்.டி.இ. பேண்டுகள் என்ற வரியைப் படிக்க வேண்டும். ஜிஎஸ்எம்அரீனா என்ற தளத்திலும் பல மாடல்களுக்கு நாட்டுவாரியாகப் பட்டியல் கிடைக்கும். கடைக்காரர் சொல்வது, விளம்பரத்தில் 'உலகப் பதிப்பு' என்று போடுவது, இவற்றுக்கெல்லாம் பட்டியல்தான் நீதிபதி.

போன் பக்கம் முடிந்தது. கோபுரத்தின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். அரசின் தரங் சஞ்சார் என்ற இணையதளத்தில் ஓர் இடத்தைக் குறித்தால், சுற்றியுள்ள கோபுரங்கள் எந்தத் தலைமுறைச் சேவை தருகின்றன என்று பார்க்கலாம். நிறுவனங்களும் தங்கள் சேவைப் பரப்பின் வரைபடத்தை வெளியிட வேண்டும் என்று டிராய் உத்தரவிட்டு, 2025 முதல் அவை கிடைக்கின்றன. ஆனால் இவை 4ஜி உண்டா, 5ஜி உண்டா என்றுதான் சொல்லும். பேண்டு எண்ணைச் சொல்லாது. அதற்கு எனக்குத் தெரிந்த நல்ல வழி, அந்த ஊரில் ஏற்கெனவே நன்றாக வேலை செய்யும் ஒரு போனைக் கேட்பதுதான். நெட்மான்ஸ்டர் போன்ற செயலியை அதில் இறக்கினால், இப்போது எந்தப் பேண்டில் பேசிக்கொண்டிருக்கிறது என்று காட்டும். பல சாம்சங் போன்களில் *#0011# என்று அழுத்தினாலே போதும். அடுத்த வீட்டுப் பையன் போனில் நான் பார்த்தபோது 28 என்று வந்தது. வீட்டுக்கு வெளியே மட்டுமல்ல, அடுக்களையிலும் பின்கட்டிலும் நின்று பாருங்கள். சில இடங்களில் உள்ளே வந்தால் பேண்டு மாறிவிடும்.

பேண்டு சரியாக இருந்தாலும் இன்னொரு தடைக்கல் உண்டு. 4ஜி அடிப்படையில் தரவுக்காகப் பிறந்தது. அதில் குரலை அனுப்ப 'வோல்ட்டி' என்ற ஏற்பாடு வேண்டும். அது போனின் மென்பொருளிலும் இருக்க வேண்டும், நிறுவனமும் அந்த மாடலை ஏற்றுக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் இணையம் வரும், வாட்ஸப்பில் பேசலாம், சாதாரண அழைப்பு மட்டும் போகாது. பக்கத்தில் 2ஜி இருந்தால் அழைப்பு வந்ததும் போன் அதற்கு இறங்கிப் பேசிக்கொள்ளும். 2016 செப்டம்பரில் சேவை தொடங்கிய ஜியோவுக்கு 2ஜியோ 3ஜியோ எப்போதுமே கிடையாது. அதில் வோல்ட்டி இல்லாத போன் பேசாது. ஏர்டெல்லும் 2020ல் 3ஜியை மூடிவிட்டது. எங்கள் குடியிருப்பில் ஒருவர் வளைகுடாவிலிருந்து வந்த போனை ஒரு மாதம் வாட்ஸப்பிலேயே ஓட்டிவிட்டு, அவசரத்துக்கு 112ஐ அழைத்தபோதுதான் விஷயம் புரிந்துகொண்டார். சோதிக்கும்போது வீட்டு வைஃபையை அணைத்துவிட்டு, சாதாரண அழைப்பாகவே பேசிப் பாருங்கள்.

5ஜி பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. நம் பெரியவர்களுக்கு அது இல்லாமல் எதுவும் நின்றுவிடாது. இந்தியாவில் 2022 அக்டோபர் 1 அன்று தொடங்கியது. பெரும்பாலும் என்78ல் நடக்கிறது. ஜியோ என்28லும் தருகிறது. அமெரிக்கப் போனில் 5ஜி என்று பெரிதாகப் போட்டிருந்தாலும் அது என்71, என்41 ஆக இருக்கலாம். இன்னொன்று: ஜியோவின் 5ஜி 4ஜியின் தயவில்லாமல் தனியாக நிற்கும் வகை. போனின் விவரத்தில் 'ஸ்டாண்ட்அலோன்' அல்லது எஸ்.ஏ. என்று இருக்க வேண்டும். காது இருந்தும் மென்பொருள் அனுமதி தராமல் இருப்பதும் உண்டு. என்78 இருந்த ஐபோன்களுக்கே 2022 டிசம்பர் புதுப்பிப்பு வந்த பிறகுதான் இங்கே 5ஜி கிடைத்தது.

இதுவரை அங்கிருந்து இங்கே வருவதைப் பற்றிப் பேசினேன். இங்கிருந்து போகிறவர்களும் கவனிக்க வேண்டும். ஆகஸ்டு மாதமானால் நம் பிள்ளைகள் மேற்படிப்புக்கு விமானம் ஏறுகிறார்கள். "அங்கே விலை அதிகம், இங்கேயே புதுப் போன் வாங்கிக்கொண்டு போ" என்று பெற்றோர் வாங்கிக் கொடுக்கிறார்கள். அமெரிக்காவில் டி-மொபைலின் தொலைதூர அலை 600 மெகாஹெர்ட்ஸ், பேண்டு 71. அத்துடன் 2, 12, 66. இந்தியாவில் விற்கும் பல நடுத்தர விலைப் போன்களில் 71, 12 இருப்பதில்லை. நகரத்தில் சமாளிக்கும், நெடுஞ்சாலையில் கைவிடும். ஏ.டி.அண்ட்.டி. 2022 பிப்ரவரியில் 3ஜியை மூடிய பின், தான் ஒப்புக்கொண்ட மாடல்களின் பட்டியலில் உள்ள போனுக்கே சேவை தருகிறது. பேண்டு எல்லாம் பொருந்தியும் பட்டியலில் மாடல் இல்லையென்றால் பயனில்லை. ஐரோப்பாவில் சிற்றூர்களுக்கு 800 மெகாஹெர்ட்ஸ், அதாவது பேண்டு 20 முக்கியம். போகும் ஊர் தெரிந்த பிறகு போன் வாங்குவதே உத்தமம்.

பழைய போன் வாங்குகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. *#06# என்று அழுத்தினால் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் வரும். கே.ஒய்.எம். என்ற மூன்று ஆங்கில எழுத்தை அடித்து, ஓர் இடைவெளி விட்டு அந்த எண்ணையும் சேர்த்து 14422க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், போனின் விவரமும் அது தடை செய்யப்பட்டதா என்பதும் தெரியும். சஞ்சார் சாத்தி தளத்திலும் பார்க்கலாம். ஐபோனாக இருந்தால் செட்டிங்ஸ், ஜெனரல், அபௌட் என்று போய் 'கேரியர் லாக்' என்ற வரியைப் பாருங்கள். 'நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்' என்று இருந்தால் பூட்டு இல்லை. ஐபோன் 14 முதல் அமெரிக்காவில் விற்பவற்றில் சிம் போடும் தட்டே கிடையாது, இ-சிம் மட்டும்தான். நகரத்தில் பரவாயில்லை. கிராமத்துப் பெரியவர் போன் பழுதானால் சிம்மைக் கழற்றிப் பட்டன் போனில் போட்டுக்கொள்ளும் வசதி போய்விடும். வேறு நாட்டுக்கென விற்ற சில சாம்சங் போன்கள், அந்தப் பகுதி சிம்மில் முதலில் ஐந்து நிமிடம் பேசிய பிறகுதான் மற்ற சிம்களை ஏற்கும். அதைப் பிள்ளைகள் அங்கேயே முடித்துவிட்டு விமானம் ஏறச் சொல்லுங்கள்.

என் அக்காவுக்கு அம்பாசமுத்திரம் கடையிலேயே புதிய போன் வாங்கினேன். கடைக்காரரிடம் மாடல் எண்ணைக் கேட்டதும் அவர் கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று சொன்னார். பேண்டு 28 உண்டா என்றேன். "அண்ணாச்சி, பத்து வருசமா கடை வச்சிருக்கேன், இப்படி ஒருத்தரும் கேட்டதில்ல" என்றார். பிறகு அவரும் நானும் சேர்ந்தே பட்டியலைத் தேடிப் பார்த்தோம், இருந்தது. பணம் கொடுக்கும் முன் ஊருக்கு எடுத்துப்போய்ப் பார்க்க அனுமதி கேட்டேன். அடுத்த வீட்டுப் பையனை நம்பிக் கொடுத்தார். துவைகல் பக்கத்தில் நின்று நான்தான் முதல் அழைப்பைச் செய்தேன், வீட்டுக்குள் இருந்த அக்காவின் காதுக்கு எட்டும்படி உரக்க.

அமெரிக்கப் போன் நாக்பூருக்குத் திரும்பிவிட்டது. இங்கே அது ஒழுங்காகப் பேசுகிறது. என் மனைவி சமையலறையில் பாட்டுக் கேட்க வைத்துக்கொண்டிருக்கிறாள். ஜி.டி. எக்ஸ்பிரஸில் பல்லார்ஷா தாண்டிக் காட்டுக்குள் போகும்போது அவள் போனில் கோடு போய், என் போனில் நிற்பதைப் பார்த்து, "இதுக்கும் அந்தப் பேண்டுதான் காரணமா?" என்று கேட்கிறாள். பாதிக் காரணம் என்கிறேன், மீதி காடு.

நண்பரின் பெட்டியில் மாடல் எண்ணைக் கண்டுபிடித்தோம். 8 இருந்தது, 40 இருந்தது, 28 இல்லை. அவர் அம்மா இருப்பது மன்னார்குடிக்கு அருகில். அங்கே எந்த நிறுவனத்தின் கோபுரம் எந்த அலையில் இருக்கிறது என்று ஊரில் உள்ள தம்பியிடம் கேட்டுவரச் சொல்லியிருக்கிறேன். மற்றவர்களும் ஐயமிருந்தால் மாடல் எண்ணை எழுதிக்கொண்டு ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் நூலகத்துக்கு வாருங்கள். கண்ணாடியை மறக்காமல் எடுத்து வாருங்கள், அந்த எழுத்து மிகச் சிறியது.